வசந்தியின் மெமரி கார்ட்

இந்த வயதில் கேம் ஆடுவீர்களா என்று கேட்காதீர்கள். ஆடுவேன். போன மாதம் பழைய கையடக்க கேம் கன்சோல் ஒன்று என் கைக்கு வந்தது. அதன் சாப்ட்வேரை மாற்றிப் போட்டால் பழைய கேம்கள் எல்லாம் ஓடும் என்று யூடியூப் சொன்னது. விடுவேனா?

ஹட்டன் டவுனில் ஒரு மெமரி கார்ட் வாங்கி வந்து உட்கார்ந்தேன். கன்சோல் அதைப் படிக்க மறுத்தது. கழற்றிப் போட்டேன், துடைத்துப் போட்டேன், ஃபார்மட் செய்து போட்டேன். ஒருவழியாகப் படித்தது. ஆனால் ஏற்றிய கேம்களில் பாதி திறக்கவே இல்லை. கணினியில் சோதித்தபோதுதான் தெரிந்தது — கார்ட் போலி! மேலே போட்டிருந்த அளவில் கால்வாசிகூட உள்ளே இல்லை.

வெளியே அடை மழை. எனக்கோ பொறுமை இல்லை. அலமாரியில் என் மனைவி வசந்தியின் பழைய போன் கிடந்தது. புது போனுக்கு மாறிவிட்டாளே, இது சும்மாதானே கிடக்கிறது... அதிலிருந்த கார்டை உருவினேன். போலிக் கார்டை அந்த இடத்தில் செருகினேன். ‘எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா?’ என்று கணினி கேட்டது. நான் சம்மதித்தேன். வசந்தியைக் கேட்கவில்லை.

கேம் அருமையாக ஓடியது.

வசந்தி பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து முன்பள்ளியில் டீச்சர். அந்த வாரமே பழைய போனும் கையுமாக வந்து நின்றாள்.

“என்னங்க, இதுல வீடியோ ஒண்ணுமே காணோம். கலை விழாவ இதுலதான் எடுத்தேன். கவிஷாவோட அம்மா தெனமும் கேக்குறாங்க.”

கவிஷாவின் அம்மா சுமதி குவைத்தில் வீட்டு வேலை செய்கிறார். மகள் முதல்முறை மேடையேறி ஆடியதை அவர் பார்க்கவில்லை. பெரிய வீடியோ, தோட்டத்தில் சிக்னல் மோசம். டவுனுக்குப் போகும்போது அனுப்பலாம் என்று வசந்தி வைத்திருந்தாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“பழைய கார்ட் தானே... அதுவா செத்திருக்கும்.”

பிறகு அவளுக்குத் தெரியாமல், அழிந்ததை மீட்கும் சாப்ட்வேரை ஓட்டிப் பார்த்தேன். ஃபைல்களின் பெயர்கள் வந்தன. வீடியோ திறக்கவில்லை. கவிஷா ஆடிய இடத்தில் என் கேம்கள் உட்கார்ந்திருந்தன.

மறுநாள் வசந்தி போனில் பேசுவது சமையலறையிலிருந்து கேட்டது. “என்னைய மன்னிச்சிருங்க சுமதி. எம்மேலதான் தப்பு. நான்தான் கார்ட பத்திரமா வச்சிருக்கணும்.”

அதற்குமேல் முடியவில்லை. போய் எல்லாவற்றையும் சொன்னேன். கத்தியிருந்தால்கூடத் தேவலை. அவள் நாட்காட்டியைப் புரட்டினாள்.

“வெள்ளிக்கெழம அவங்களுக்குக் கொஞ்சம் ஓய்வு கெடைக்கும். வீடியோ கால்ல புள்ளைய திரும்ப ஆட வைக்கிறேன். நீங்க போன புடிங்க. உண்மையையும் நீங்களே சொல்லுங்க.”

அந்தத் தோட்டத்தில் வீடியோ கால் பேசும் அளவுக்காவது சிக்னல் கிடைப்பது கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகைக்கு முன்னால்தான். அங்கேதான் கவிஷா ஆடினாள். விழாவுக்கு வாடகைக்கு எடுத்த பட்டுச் சட்டை திரும்பிப் போய்விட்டது. சாதாரணக் கவுன்தான். நடுவில் அடவு மறந்து நின்றாள்.

“அம்மா, நான் தெரியிறேனா?”

“தெரியிற தங்கம். நீ ஆடு, ஆடு.”

சுமதி துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார். ஆட்டம் முடிந்து மகளோடு பேசி முடித்ததும் சொன்னேன்.

“உங்க வீடியோவ அழிச்சது டீச்சர் இல்லீங்க. நான்தான். கேம் போடுறதுக்காக அந்தக் கார்ட எடுத்துட்டேன். மன்னிச்சிருங்க.”

சிக்னல் போய்விட்டதோ என்றுகூட நினைத்தேன். போயிருக்கக் கூடாதா என்றும் நினைத்தேன்.

“பரவாயில்லீங்க சார். அதான் நேர்லயே பாத்துட்டேனே” என்றார். குரலில் குத்தல் ஏதுமில்லை. பிறகு, மரியாதைக்கு ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்பது போலக் கேட்டார்: “இப்ப கேம் நல்லா ஓடுதுங்களா சார்?”

நன்றாகத்தான் ஓடுகிறது. பதிலுக்குப் போனை வசந்தியிடம் நீட்டினேன்.