முன்கை கல்லான ஞாயிறுகள்

அப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்களுக்கு ஆலங்காயம்தான். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் நான் கட்டிங் பிரிவு சூப்பர்வைசர். பேக்கிங் பிரிவில் இருந்த பாய் என் தோஸ்த். அவர் வீட்டில் உருது, என் வீட்டில் தமிழ். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது மண்பாதையில் பைக் ஓட்டுகிற பைத்தியம். உயரமான, மண்ணைக் கவ்வுகிற பட்டன் டயர் போட்ட வண்டி ஒன்றை முதலில் அவர் வாங்கினார். ஆறு மாதத்தில் நானும் அதே மாதிரி ஒரு பழைய வண்டியைத் தேடிப் பிடித்துவிட்டேன்.

விடிந்ததும் கிளம்பி, வாணியம்பாடியில் ஒரு டீ குடித்துவிட்டு, ஆலங்காயம் தாண்டியதும் தார் ரோட்டை விட்டு இறங்குவோம். காட்டுக்குள் போக முடியாது. மலையடிவாரத்தை ஒட்டி ஒரு வண்டிப்பாதை போகும். செம்மண், தலையளவு கற்கள், நடுவில் மணல் நிறைந்த ஒரு ஓடை. ஓடைக்கு இறங்குகிற சரிவுதான் செங்குத்து. அதைத் தாண்டினால் ஒரு புளியமரம். அங்கே வண்டியை நிறுத்தி உட்கார்வோம். அந்தக் காலை வெயிலில் எஞ்சின் சூட்டோடு கலந்த மண்வாசனை இப்போது நினைத்தாலும் மூக்கில் ஏறுகிறது.

ஆனால் எனக்கு ஒரு தொல்லை இருந்தது. மண்பாதையில் இறங்கிப் பத்து நிமிஷத்துக்குள் இரண்டு முன்கைகளும் வீங்கிக் கல் மாதிரி ஆகிவிடும். விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடும். புளியமரத்தடியில் இறங்கினால் ஹெல்மெட் பக்கிளைக்கூட என்னால் கழற்ற முடியாது. பாய்தான் வந்து கழற்றிவிடுவார். "கொழந்த மாதிரி ஆடாம நில்லு" என்பார்.

அதற்கு நான் செய்யாத வைத்தியம் இல்லை. கைக்குப் பலம் போதவில்லை என்று நினைத்து, அமுக்கினால் விரியும் ஸ்பிரிங் பிடி ஒன்றை வாங்கி, மதிய இடைவேளையில் அமுக்கிக்கொண்டே இருந்தேன். கை பருத்தது, வலி ஜாஸ்தியானது. தடிமனான கையுறை போட்டேன். அதைப் போட்டதும் இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டியதாயிற்று. பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய் தேய்த்ததில் கட்டிங் ஹால் முழுக்க வாசனை வந்ததுதான் மிச்சம்.

"பயம், தோஸ்த். வேற ஒண்ணும் இல்ல" என்றார் பாய் ஒருநாள். எனக்குச் சுருக்கென்றது. ஒரு வாரம் அவரோடு சரியாகப் பேசவில்லை.

ஐப்பசி மழை விட்ட ஒரு ஞாயிறு. பாய் முன்னால் போய் ஓடையில் நின்றுகொண்டிருந்தார். நான் சரிவில் பாதி இறங்கியதும் பிரேக்கைப் பிடிக்கப் பார்த்தேன். விரல் லீவரின் மேல் இருந்தது, ஆனால் அதில் சக்தியே இல்லை. வண்டி தன் இஷ்டத்துக்கு இறங்கியது. "பாய், நகரு" என்று கத்தினேன். அவர் வண்டியை அப்படியே போட்டுவிட்டுப் பக்கத்தில் தாவினார். நான் அவர் வண்டியின் மேலேயே போய் விழுந்தேன். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. தாவியதில் அவருக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. ஒரு மாதம் அவர் நொண்டி நொண்டி வேலைக்கு வந்ததைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தலை குனியும்.

வண்டியைக் கொடுத்துவிடலாம் என்று வீட்டில் சொன்னேன். என் மனைவியும் அதே கம்பெனிதான். ஷூவின் மேல்பாகம் தைக்கிற லைனில் எட்டு வருஷமாக மிஷினில் உட்கார்ந்திருப்பவள். "குடுக்கறது இருக்கட்டும். எப்டி ஓட்டறீங்கன்னு மொதல்ல காட்டுங்க" என்றாள்.

வாசலில் வண்டியை நிறுத்தி அதன் மேல் ஏறி, கால்மிதியில் எழுந்து நின்றேன். அவள் பின்னாலிருந்து வண்டியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினாள். தெருவே பார்த்தது. இரண்டு நிமிஷத்தில் நிறுத்திவிட்டாள்.

"இன்னாங்க இது, பஸ்ல கம்பி புடிச்சிகினு தொங்கற மாதிரி தொங்கறீங்க. மூச்சு கூட வுடல."

"புடிக்கலன்னா வுழுந்துட மாட்டனா?"

"லைனுக்குப் புதுசா வர்ற பொண்ணுங்களும் இப்டித்தான். தோலு ஓடிடும்னு இறுக்கிப் புடிப்பாங்க. மத்தியானத்துக்குள்ள கை மரத்துப் போய்டும். கால்ல பெடலு, முட்டியால தள்ளினா தோல அமுக்கற ஊசிப் பாதம் தூக்கும். கை சும்மா திருப்பி வுடறதுக்குத்தான். உங்க முட்டி இன்னா பண்ணுது, சும்மாதான இருக்குது?"

உண்மைதான். என் முழங்கால்கள் இரண்டும் காற்றில் விரிந்திருந்தன. உடம்பின் மொத்த பாரத்தையும் கைகளே தாங்கிக்கொண்டிருந்தன.

அவள் உள்ளே போய் இரண்டு துண்டு வேஸ்ட் தோல் எடுத்துவந்தாள். பெட்ரோல் டேங்குக்கும் என் முட்டிக்கும் நடுவில் பக்கத்துக்கு ஒன்றாக வைத்தாள். "இத கீழ போடாம ஆலங்காயம் போய்ட்டு வாங்க" என்றாள்.

செய்தி பாய் காதுக்குப் போயிற்று. மறுநாள் சாயங்காலமே ஸ்பேனரோடு நொண்டிக்கொண்டு வந்தார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மேல்நோக்கி இருந்த கிளட்ச், பிரேக் லீவர்களைக் கொஞ்சம் கீழே சாய்த்து, ஒரு விரலுக்கு எட்டும்படி உள்ளே கொண்டுவந்தார். "இவ்ளோ நாளா மணிக்கட்ட மடக்கிகினே ஓட்டியிருக்க. நானாவது பாத்திருக்கணும்" என்றார். கணுக்கால் பற்றி நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். "வுடு, அது சரியாய்டும்" என்று அடுத்த திருகாணிக்குப் போய்விட்டார்.

முதல் ஞாயிறு தோல் துண்டுகள் இரண்டும் முதல் பள்ளத்திலேயே விழுந்தன. இறங்கி எடுத்து வைத்துக்கொண்டு மறுபடி ஓட்டினேன். தொடை வலித்தது, ஆனால் கை அவ்வளவாக வலிக்கவில்லை. முதல் பத்து நிமிஷம் மெதுவாகப் போய், நிறுத்தி, கையை உதறித் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் வேகம் என்று பாய் ஒரு சட்டம் போட்டார். இடுப்பை மடக்கி முன்னால் குனிந்து நின்றால் பாரம் காலுக்குப் போகிறது என்பது போகப்போகப் பிடிபட்டது. மேடு வரும்போதெல்லாம் மூச்சு விட மறந்துவிடுவேன். பின்னால் வரும் பாய், "மூச்சு, மூச்சு" என்று கூவுவார். ஆடு மேய்ப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

பொங்கலுக்கு முந்தின ஞாயிறு அந்தச் சரிவில் ஒரே விரலால் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு இறங்கினேன். புளியமரத்தடியில் நின்றதும் பாய் வழக்கம்போலக் கையை நீட்டிக்கொண்டு வந்தார். அதற்குள் நானே ஹெல்மெட்டைக் கழற்றியிருந்தேன். நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே என் தோளில் போட்டார். "எனக்கு வேலையே இல்லாம பண்ணிட்ட" என்றார். இரண்டு தோல் துண்டில் ஒன்று இன்னும் என் முட்டிக்கும் டேங்குக்கும் நடுவில் இருந்தது.

அடுத்த வருஷம் பாய்க்கு வெளிநாட்டில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை கிடைத்தது. போகும்போது தன் வண்டியை எங்கள் வாசலில் விட்டுவிட்டு, "சும்மா நின்னா துரு புடிச்சிடும். தங்கச்சி ஓட்டட்டும்" என்று சாவியை என் மனைவியிடம் கொடுத்தார். அவள் ஒரே மாதத்தில் கற்றுக்கொண்டாள். அவளுக்கு ஒருநாளும் கை கல்லாகவில்லை.

போன ரம்ஜானுக்கு அவர் லீவில் வந்திருந்தார். பண்டிகைக்கு மறுநாள் மூவரும் கிளம்பினோம். அவள் அவருடைய வண்டியில் முன்னால் போனாள். அவர் என் பின்னால் உட்கார்ந்து, தூக்குச் சட்டியில் இருந்த ஷீர் குர்மா பாயசத்தை மடியில் அணைத்துப் பிடித்திருந்தார். பாதையில் பாதிக்கு இப்போது தார் போட்டுவிட்டார்கள். தார் முடிந்து மண் தொடங்கிய இடத்தில் அவர் ஒரு கையால் என் தோளைத் தட்டினார். "இன்னா பாய்?" என்றேன்.

"ஒண்ணும் இல்ல. அங்க இந்த மண்ணு இல்ல" என்றார். "கொஞ்சம் மெதுவா போ."

நான் கியரைக் குறைத்தேன்.