குறை சொன்னவர் கிண்டட்டும்

தலைகால் புரியாமல் கலந்து கிடக்கிற எதையும் எங்கள் ஊரான கமகுவேயில் ‘அஹியாகோ’ என்போம். மூன்று தாரத்துப் பிள்ளைகள் ஒரே வீட்டில் வளர்ந்தால் அஹியாகோ. ஆணியும் மாத்திரையும் சீப்பும் சேர்ந்து கிடக்கும் என் மேசை டிராயர் அஹியாகோ. உண்மையில் அது ஒரு குழம்பின் பெயர்; அதுதான் இப்படி ஊரெல்லாம் பரவிவிட்டது. அந்தக் குழம்புக்குப் பெயர் வந்தது மிளகாயால். இந்தத் தீவின் ஆதிக்குடிகள் மிளகாயை ‘அஹீ’ என்றார்கள்; கிடைத்ததையெல்லாம் அதோடு சேர்த்துக் கொதிக்கவைத்தார்கள். பிறகு ஸ்பெயின்காரர்களின் பன்றி சேர்ந்தது, சங்கிலியில் கட்டிக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் கிழங்கு சேர்ந்தது. இன்று எங்கள் தெரு அண்டாவில் காரம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. பெயர் கொடுத்தவனை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே பந்தி நடக்கிறது. நினைத்தால் எரிச்சலாக வரும். எனக்கு எதை நினைத்தாலும் எரிச்சல்தான், அது வேறு விஷயம்.

எங்கள் தெருவில் சான் ஹுவான் திருவிழாவுக்கு அண்டா வைத்துக் கிண்டுகிறவள் எனெய்தா. எதிர்வீட்டுக்காரி. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் விரிப்புகளைப் பிழிந்து பிழிந்தே வலது தோளைத் தொலைத்தவள். புருஷன் போய்ச் சேர்ந்தாயிற்று. மகள் கடல் தாண்டிப் போய்விட்டாள். கை தூக்கித் தலை வாரவே படாதபாடு படுவாள். ஆனாலும் ஜூன் வந்தால் துடுப்பு மாதிரி நீளமான அந்தக் கட்டைக் கரண்டி அவள் கைக்குத்தான் வரும்.

காரணம், தெருவின் சட்டம். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஏதாவது ஒன்று அண்டாவில் விழ வேண்டும். யார் என்ன போட்டார்கள் என்று கேட்கக் கூடாது. சாப்பிட்டுவிட்டு யார் குறை சொல்கிறாரோ, அடுத்த வருஷத்திலிருந்து கரண்டி அவருடையது. எனெய்தா கல்யாணமாகி வந்த புதிதில், விவரம் தெரியாமல், “கறி கொஞ்சம் ரப்பரா இருக்கே” என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து எங்கள் தெருவில் யாருக்கும் நாக்கே கிடையாது. வீட்டில் பெண்டாட்டி சமையலைத் தூக்கி எறிகிறவன்கூட அன்றைக்கு விரலைச் சூப்புவான்.

“எனக்கு முடியலப்பா, யாராவது வாங்கிக்கோங்களேன்” என்று சில வருஷங்களாகவே கெஞ்சிப் பார்த்தாள். “உன் கைப்பக்குவம் யாருக்கு வரும்?” என்று ஆளாளுக்கு நழுவினார்கள்.

இந்த வருஷம் மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தது. கடையில் வரிசை இருந்தது, சரக்கு இல்லை. ஆட்கள் கடல் தாண்டிப் போனதில் பாதி வீடுகளில் பூட்டு. மாட்டு உப்புக்கண்டம் கண்ணிலேயே படவில்லை. கிடைத்தது ஒரு பன்றித் தலை, மரவள்ளி, சேம்பு, வாழைக்காய், சோளம், பூசணி. விறகை அடுக்கிக்கொண்டிருந்தபோது எனெய்தா என்னிடம் சொன்னாள்.

“ராமிரோ, இன்னைக்கு ஒரு கல்லு உப்புகூடப் போடப் போறதில்ல. எவனாவது வாயத் தொறந்துதானே ஆகணும்?”

“என்னைப் பாக்காத. நான் ஊமை,” என்றேன்.

“ஊர்ல ஒரு நாயை விடாம திட்டுவே. இன்னைக்கு மட்டும் ஊமையாக்கும்!”

மத்தியானம் எல்லாரும் தட்டோடு உட்கார்ந்தோம். முதல் வாய் வைத்தேன். மழைத்தண்ணீர் தோற்றது. சுற்றிலும் பார்த்தேன். முடிதிருத்தும் ஃபெர்மின் கண்ணை மூடிக்கொண்டு, “தேவாமிர்தம்க்கா!” என்றார். அவர் மனைவி இரண்டாம் தட்டுக்கு எழுந்தாள். மூன்றாம் வீட்டு ஆசிரியை எலும்பை உறிஞ்சிக்கொண்டே, “போன வருஷத்தைவிட நல்லா வந்திருக்கு,” என்றாள்.

எனெய்தா ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டே நின்றாள். முகம் சிவந்துகொண்டே போனது. கடைசியில் கரண்டியை அண்டா விளிம்பில் ஓங்கித் தட்டினாள்.

“மனுஷங்கதானா நீங்கல்லாம்? உப்பே இல்லாத இந்தக் கண்றாவிய எப்படித்தான் முழுங்கறீங்க!”

 ஃபெர்மின் மெதுவாகச் சொன்னார்: “அக்கா, குறைய நீங்களே சொல்லிட்டீங்களே.”

சிரிப்பு வெடித்தது. தொடையில் தட்டிச் சிரித்தார்கள், கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். நானும்தான். ரொம்ப நாளாக அந்தத் தெருவில் யாரும் அப்படிச் சிரித்ததில்லை. எனெய்தாவும் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து, இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. அழவும் தெம்பில்லாதவள் போல இருந்தாள். 

“சேம்பும் வேகல,” என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள்.

“வாழைக்காய் கருத்துப் போச்சு. சோளம் பல்லை உடைக்குது. இந்தப் பன்றி பட்டினியில செத்திருக்கும்போல. இன்னும் சொல்லணுமா?”

“யோவ், அவங்கதான் முதல்ல சொன்னது,” என்றார் ஃபெர்மின்.

“அவ ஒண்ணுதான் சொன்னா. நான் நாலு சொல்லிட்டேன். வேணும்னா நீயும் சொல்லு, போட்டி வச்சுக்கலாம்.”

ஃபெர்மின் தட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

எனெய்தா எழுந்து வந்தாள். கரண்டியை என் மடியில் வைத்தாள். நன்றி கின்றி ஒன்றும் கிடையாது. நேராகத் தன் வீட்டுக்குப் போய், வெயில் இன்னும் இருக்கும்போதே ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் குறட்டைச் சத்தம் தெருவுக்கே கேட்டது. ஆட்டத்துக்குக் கொட்டு முழங்கியபோதும் நிற்கவில்லை.

பாட்டு முடிந்து எல்லாரும் கலைந்த பிறகுதான் அண்டா கண்ணில் பட்டது. அடியில் சோளமும் கரியும் கல்லாகப் பிடித்திருந்தது. இத்தனை வருஷமாக இதை யார் தேய்த்தார்கள் என்று நாங்கள் ஒருவரும் கேட்டதே இல்லை. சட்டையைக் கழற்றிவிட்டுத் தேய்க்க ஆரம்பித்தேன். பாதி முடிவதற்குள் என் தோள் விட்டுப்போனது.