மேற்கே போனவர்

பக்கத்து வீட்டில் ஆங்கில டியூஷன் நடக்கிறது. நேற்று மதிலுக்கு மேலால் ஒரே ‘கோ’ மழை. ‘கோ ஆன்’ என்றால் தொடர்ந்து செய். ‘கோ ஆஃப்’ என்றால் பால் கெட்டுப்போவதுமாம், வெடி வெடிப்பதுமாம். போவதற்கு இத்தனை கூத்தா என்று சிரித்தபடி மீன் கழுவிக்கொண்டிருந்தேன். “கோ வெஸ்ட்” என்றார் வாத்தியார். இறந்துபோவதாம், பழைய பேச்சாம். கையிலிருந்த மீன் நழுவிச் சட்டிக்குள் விழுந்தது.

அந்தப் பேச்சு எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது, கேளுங்கள். இரண்டாம் உலக யுத்த காலம். எங்கள் ஊரான பள்ளிவாசல்துறையில் மீன்பாடு செத்துக் கிடந்தது. அக்காவை ராத்தா என்போம்; என் ராத்தாவின் மாப்பிள்ளை வெள்ளைக்காரரின் சரக்குக் கப்பலில் கரி அள்ளிப்போடப் போனார். தங்கமான மச்சான்தான், குறட்டை விட்டால் மட்டும் கூரைக் கிடுகு ஆடும். “போய்ட்டு வாறன்” என்றுதான் படியிறங்கினார். வெறுமனே “போறன்” என்றால் முசீபத்து வரும் என்பது எங்கள் ஊர்ப் பயம்.

ஒரு மத்தியானம் வெள்ளைக்காரத் துரை ஒருவர் கிளாக்கரோடு வந்தார். வாசலில் தொப்பியைக் கழற்றினார். வெயில் தாங்கவில்லை என்று நினைத்து உம்மா விசிறி கொடுத்தா. துரை தரையைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார். கிளாக்கர் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினார்.

“ஒங்கட மாப்புள மேக்கே போயிட்டாராம்.”

“மேக்கேயா?” என்றாள் ராத்தா.

“ஓம். அப்பிடித்தான் தொர சொல்லுறாரு.”

பாவி மனிதன், “போயிட்டாரு” என்று நிறுத்தியிருந்தால் அந்த இடத்திலேயே ஒப்பாரி எழும்பியிருக்கும். மேற்கு என்றல்லவா சேர்த்தார்! எங்களுக்கு மேற்கே கடல், கடலுக்கு அப்பால் நாங்கள் முகம் வைத்துத் தொழும் கிப்லா. உம்மா நெஞ்சில் கைவைத்தா. “அல்லாஹ்வே! ஏடன் பக்கம் போற கப்பல்தானே? மருமகன் மக்கத்துக்குப் போயிட்டாருடி!”

ராத்தா சிரித்தாள், அழுதாள், துரைக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தாள். அவர் வாய் வைக்காமலே போய்விட்டார். செத்தார் என்று சொல்ல நாக்கு வராமல்தான் அப்படிச் சுற்றிச் சொல்லியிருப்பார். அந்த நாசூக்கை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஊரே அவளை “ஹாஜியார் பொஞ்சாதி” என்று பகிடி பண்ணியது. அவர் வந்தால் உடுக்கப் புதுச் சாரம் வாங்கி மடித்து அலுமாரியில் வைத்தாள். ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது, போனது. அதற்கும் பிறகு, அதே கப்பலில் வேலை செய்த ஒருவர் தேடி வந்து கதிரை நுனியில் உட்கார்ந்தார்.

“கப்பல் கடலுக்குள்ள தாண்டு அவரு மௌத்தாகி ஒரு வருசமாகப் போகுது. ஒங்களுக்கு ஆரும் சொல்லல்லயா?”

ராத்தா கத்தவில்லை. விதவை நாலு மாதமும் பத்து நாளும் இருக்கவேண்டிய இத்தாவில் உட்கார வெள்ளைப் புடவை கேட்டாள். பள்ளிவாசல் லெப்பையை அழைத்தோம். திரைச்சீலைக்கு அப்பால் நின்று அவர் மெதுவாகச் சொன்னார்: “இத்தா மௌத்தான நாள்லேந்துதான் கணக்கு மகள். ஒங்கட இத்தா முடிஞ்சி போச்சு.”

“அப்ப, நான் சிரிச்சிட்டுத் திரிஞ்சதா எண்ட இத்தா?”

லெப்பை செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்.

அதன்பிறகு ஐந்து நேரமும் தொழுது முடித்தாலும் அவள் பாயை விட்டு எழும்பமாட்டாள். முகம் மேற்கேயே இருக்கும். அல்லாஹ்விடம் துஆக் கேட்கிறாள் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். பக்கத்தில் இருந்த எனக்குத் தெரியும், உதடு அசையாது.

அந்த வீட்டைக் கடல் அரித்துக்கொண்டு போய்விட்டது. ராத்தாவும் இல்லை. இப்போது ‘கோ வெஸ்ட்’ என்று யாரும் பேசுவதில்லை, மனப்பாடம் செய்யத் தேவையில்லை என்றார் வாத்தியார். பிள்ளைகள் அடுத்த ‘கோ’வுக்குப் போய்விட்டார்கள்.