நாற்காலிக்கு அடியில் கிடந்த நாவல்

பெம்பானில் போய் விஜயராணி வீடு எது என்று கேட்டால் ஆளாளுக்கு முழிப்பார்கள். டைலர் அக்கா வீடு என்று கேட்டுப் பாருங்கள், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வாசலில் விடுவார்கள். ஜாசின் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, ஐந்தாம் படிவம் முடித்ததும் தொழிற்சாலையில் சில காலம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு, கல்யாணத்துக்குப் பிறகு வீட்டு முன்னறையில் மெஷினைப் போட்டு உட்கார்ந்தவள். மலாக்காவில் பாதிப் பெண்களின் முதுகளவு அவளுக்குத் தெரியும். அவள் கதை எழுதுவாள் என்பதுதான் அந்தப் பெண்களுக்குத் தெரியாது.

வெட்டுகிற துணிக்கும் தைக்கிற துணிக்கும் நடுவே கிடைத்த நேரத்தில் ஒரு நாவலையே எழுதி முடித்திருந்தாள். பிடிக்காத கல்யாணத்திலிருந்து தப்பிக்க வீட்டை விட்டுக் கிளம்பும் தனம் என்கிற தோட்டத்துப் பெண்ணின் கதை. லோரி ஓட்டுகிற அவள் கணவர் பிச்சைமுத்து, பெண்டாட்டி எழுதியதை ஒரு வரிகூடப் படித்தவரில்லை. ஆனாலும் அச்சுக்கூடத்துக்குப் போய்ப் பெட்டிகளை ஏற்றிவந்தவர் அவர்தான்.

வெளியீட்டு விழாவை எழுத்தாளர் வட்டத்தின் செயலாளர் கணேஸ்வரன் நடத்திக்கொடுத்தார். டவுனில் குளிர்சாதன மண்டபம், டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பிரமுகர், மாலை, பொன்னாடை, குத்துவிளக்கு. ஆறு பேர் பேசினார்கள். ஆறு பேரும் தமிழ் வாழ வேண்டும் என்றார்கள். தனத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. பேர் கூப்பிடக் கூப்பிட ஆட்கள் மேடையேறி, பண உறையைக் கொடுத்து, பிரதியை நெஞ்சோடு பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு பிரியாணி வந்தது.

கூட்டம் கலைந்த பின் கைப்பையைத் தேடிக் குனிந்தவள், நாற்காலிக்கு அடியில் தன் நாவலைப் பார்த்தாள். அடுத்த நாற்காலிக்கு அடியிலும் ஒன்று. அதற்கடுத்த வரிசையிலும். ஒன்றின் அட்டையில் தேநீர்க் குவளை வைத்த வட்டம் அழுத்தமாகப் பதிந்திருந்தது. எல்லாவற்றையும் பொறுக்கிச் சேலைத் தலைப்பில் கட்டிக்கொண்டு வந்தாள். அன்றைக்கு அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. முன்பின் தெரியாத ஒருத்தர் இந்தக் கதையைக் கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டு வந்து தன்னிடம் பேச வேண்டும். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான். அதற்கு ஒரு டத்தோ எதற்கு?

பெட்டிகள் துணி வெட்டும் மேசைக்கு அடியில் போயின. கிளினிக்கில் வேலை செய்யும் மகள் ஷாமினிக்கு மனசு கேட்கவில்லை. 'எழுத்தாளர் விஜயராணி' என்று முகநூலில் ஒரு பக்கம் தொடங்கிக் கொடுத்தாள். தினமும் காலை வணக்கம், ஒரு ரோஜாப்பூ, பொன்னாடை போர்த்திய படம், 'என் நாவல் கிடைக்கும், தொடர்புகொள்க'. சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்கள். ஈப்போ சித்தி மட்டும் ஒரு கேள்வி கேட்டிருந்தார்: "சேலை அழகா இருக்கே ராணி, எங்க வாங்குன?"

அந்த வருடத் தீபாவளி நெருக்கடியில்தான் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. தைத்து முடித்த பிளவுஸ்களைப் படம் எடுத்து வாட்சாப் ஸ்டேட்டஸில் போடுவது விஜயராணியின் வழக்கம். உடையவர்கள் பார்த்துவிட்டு வந்து வாங்கிப் போவார்கள். மறுநாளானால் படம் தானாக மறைந்துவிடும். அன்று முகநூலில் போடச் சொல்லி ஷாமினிக்கு அனுப்புவதற்காக நாவலின் முதல் பக்கத்தையும் படம் எடுத்து வைத்திருந்தாள். அவசரத்தில் கை தவறி, பச்சைப் பட்டு பிளவுஸுக்கும் மெரூன் பிளவுஸுக்கும் நடுவே அந்தப் பக்கமும் ஸ்டேட்டஸில் ஏறிவிட்டது. அவளோ அதைக் கவனிக்காமல் பைப்பிங் வைத்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் போன் அடித்தது.

"டைலர்க்கா, நான் ஜெயா, புக்கிட் காத்தில்லேருந்து."

"நாளைக்குக் குடுத்துர்றேன் ஜெயா. ஹூக்கு மட்டுந்தான் பாக்கி."

"ஹூக்கு கெடக்குதுக்கா. அந்தப் புள்ள பஸ்ஸு ஏறுச்சா இல்லயா?"

"எந்தப் புள்ள?"

"உங்க ஸ்டேட்டஸ்ல போட்டிருக்கீங்களே லா, தனம்னு! பஸ்ஸு வருது, பின்னாலயே அண்ணங்காரன் மோட்டர்ல வர்றான்னு போட்டு நிறுத்திட்டீங்க. காலையிலேருந்து எனக்கு ஒரு வேல ஓடல. யாருக்கா எழுதுனது?"

விஜயராணி மெஷினை நிறுத்தினாள். "நாந்தான்" என்றாள்.

"நீங்களா? பிளவுஸ் தைக்கிற நீங்களா?"

"பிளவுஸ் தைக்கிற நானேதான்."

அன்று மட்டும் பஸ்ஸைப் பற்றிக் கேட்டு இன்னும் பலர் கூப்பிட்டார்கள். பிளவுஸைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. விழா நாளில் வராத அழுகை அப்போது வந்தது. மெரூன் பட்டில் பட்டுவிடக் கூடாதே என்று துணியை நகர்த்தி வைத்துவிட்டு, நிம்மதியாக அழுதாள்.

"தப்பு நம்ம மேலதான்மா" என்றாள் ஷாமினி. "உங்க படத்தயே காட்டிக்கிட்டு இருந்தோம். கதயக் காட்டவே இல்ல."

மறுநாள் அடுத்த பக்கம் ஏறியது. தினம் ஒரு பக்கம், எல்லாரும் சாப்பிட உட்காரும் நேரத்துக்கு. தஞ்சோங் கிளிங் ஹோட்டலில் அறை சுத்தம் செய்யும் மரியசெல்வி, அளவெடுக்க வந்த இடத்தில் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அக்கா, நான் மலாய் ஸ்கூல்ல படிச்சவ. எழுத்துக் கூட்டிப் படிக்கறதுக்குள்ள சோறு ஆறிப்போவுது. குரல்ல போட்டீங்கன்னா கேட்டுக்கிட்டே பெட்ஷீட் மாத்திடுவேன்." அன்றிலிருந்து பக்கத்தோடு குரலும் சேர்ந்தது. ஒருநாள் மெஷின் சத்தம் இடையில் புகுந்துவிட்டது என்று விஜயராணி மன்னிப்புக் கேட்டாள். அந்தச் சத்தம் இல்லாவிட்டால் கதை கேட்ட மாதிரியே இல்லை என்று பதில்கள் வந்தன. ஷாமினி முகநூலில் பொன்னாடைப் படத்தை எடுத்துவிட்டு மெஷின் படத்தை வைத்து, குரலை அங்கேயும் போட்டாள்.

கதை ஊரைத் தாண்டியது. நம்பரைச் சேமித்தால்தான் ஸ்டேட்டஸ் தெரியும் என்பதால் ஜொகூரிலிருந்தும் கெடாவிலிருந்தும், "துணி குடுக்க மாட்டோம்க்கா, கதை மட்டும் வேணும், எங்க நம்பர போட்டுக்குங்க" என்று கேட்டு எழுதினார்கள். தனத்துக்கு யோசனை சொன்னார்கள், அண்ணனைத் திட்டினார்கள். ஒருவர் விடாமல் எல்லாருக்கும் விஜயராணி பதில் சொன்னாள். லோரியில் போகும்போது பிச்சைமுத்துவும் ரகசியமாகக் கேட்டார். தனம் கோலாலம்பூரில் தனியாக நின்ற அன்று, "பாவம் ராணி அந்தப் புள்ள" என்று வாய்விட்டு மாட்டிக்கொண்டார்.

கதை முடியப் போகிற வாரத்தில் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. படித்தவர்களையெல்லாம் ஒருநாள் நேரில் பார்த்தால் என்ன? பெம்பான் பாலாய்ராயா பொதுமண்டபத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குக் கேட்டு வாங்கினாள். செயலாளர் காதுக்கு விஷயம் போனது.

"ஒரே நாவலுக்கு இரண்டு வெளியீடா? கட்டிய தாலிக்கே மறுபடியும் மேளமா அம்மா?" என்றார் கணேஸ்வரன். "அதுவும் வாட்சாப் புலனத்தில் முழுக் கதையையும் போட்டாகிவிட்டது. வாசனையை ஓசியில் பிடித்தவன் சாப்பாடு வாங்குவானா?"

"வாசன புடிச்சவன்தாங்க ஐயா கடைக்குள்ள வருவான்" என்றாள் விஜயராணி.

வாய் அப்படிச் சொல்லிவிட்டதே தவிர, அன்று வைத்த பைப்பிங்கை இரண்டு முறை பிரித்துத் தைத்தாள். போனில் பார்ப்பவர்கள் புறப்பட்டும் வருவார்களா? வராமல் போனால் செயலாளர் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும். பெட்டிகள் மறுபடியும் மேசைக்கு அடியில் போகும்; இந்த முறை அவளுக்கு அவற்றை வெளியே எடுக்கத் தெம்பிருக்காது. கடைசிப் பக்கத்தை வாசித்து முடித்துவிட்டுச் சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை வாங்க. மாலை கெடையாது, பேச்சாளர் கெடையாது. கேள்வி கேக்கலாம், சண்டையும் போடலாம்."

ஞாயிறு காலை பிச்சைமுத்து எதற்கும் இருக்கட்டும் என்று நான்கே வரிசை நாற்காலி போட்டார். முதலில் ஜெயா வந்தாள், வேன் நிறைய ஆட்களோடு. அப்புறம் கார்கள், மோட்டார் சைக்கிள்கள், ஜொகூர் நம்பர் பிளேட் போட்ட ஒரு பழைய வண்டி. பிச்சைமுத்து ஸ்டோரிலிருந்து நாற்காலி சுமந்து சுமந்து வேர்த்து விறுவிறுத்துப் போனார். அவர் முகத்தில் அப்படியொரு சிரிப்பைக் கல்யாணத்தன்றுகூட விஜயராணி பார்த்ததில்லை.

உட்கார்ந்ததும் உட்காராததுமாகச் சண்டை ஆரம்பித்தது. "தனம் அந்த அண்ணன மன்னிச்சிருக்கவே கூடாதுக்கா" என்று ஜெயா எழுந்தாள். பின் வரிசையிலிருந்து அல்போன்ஸ் என்கிற காவலாளி, "கூடப் பொறந்தவ மன்னிக்கலன்னா வேற யாருமா மன்னிப்பா?" என்று கையைத் தூக்கினார். அவரை விஜயராணி முன்பின் பார்த்ததே இல்லை. கடைசிப் பக்கத்தின் கடைசி வரியை அவர் மனப்பாடமாகச் சொன்னார். மண்டபம் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. நடுவில் உட்கார்ந்திருந்த விஜயராணிக்கு யார் பக்கமும் பேசத் தோன்றவில்லை. இதற்குத்தானே ஆசைப்பட்டாள்!

புத்தகங்கள் பறந்தன. தினம் மறைந்துபோன பக்கங்களைக் கையில் வைத்துக்கொள்ள எல்லாரும் ஆசைப்பட்டார்கள். கடைசியில் வந்து நின்ற மரியசெல்விக்கு மிஞ்சியது, தேநீர் வட்டம் விழுந்த பிரதிதான். விஜயராணிக்குக் கூச்சமாகிவிட்டது.

"இது வேணாம் செல்வி. மறுபடி அடிச்சதும் உனக்குப் புதுசு தர்றேன்."

"குடுங்கக்கா. உங்க கொரல கேட்டுக்கிட்டே எழுத்து மேல விரல ஓட்டிப் பாக்கறேன். மொதப் பக்கம் இப்பவே படிக்க வந்திருச்சு" என்று வாங்கி, முதல் வரியை நின்ற இடத்திலேயே தட்டுத் தடுமாறிப் படித்துக் காட்டினாள்.

எல்லாம் முடிகிற நேரத்துக்குக் கணேஸ்வரன் வந்து சேர்ந்தார். வாசல் நெடுக நின்றும் பேசி முடியாத கூட்டத்தைப் பார்த்தார், காலிப் பெட்டிகளைப் பார்த்தார். "எனக்கொரு பிரதி கிடைக்குமா அம்மா?" என்றார். நாவலை வெளியிட்டு வைத்தவரே இன்னும் படிக்கவில்லை என்பது அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது.

"தீந்துபோச்சுங்க ஐயா. என் நம்பர சேமிச்சுக்குங்க, மொதப் பக்கத்துலேருந்து உங்களுக்கு அனுப்பி வைக்கறேன்" என்றாள் விஜயராணி. அவரும் போனை எடுத்துச் சேமித்துக்கொண்டார்.

எல்லாரும் போன பிறகு, பிச்சைமுத்து நாற்காலிகளை அடுக்கப் போனார். "கொஞ்சம் இருங்க" என்று அவரைத் தடுத்துவிட்டு, விஜயராணி வரிசை வரிசையாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனாள்.

"என்னா தேடுற ராணி?"

"நாற்காலிக்கு அடியில ஒன்னும் இல்லங்க." கடைசி வரிசையில் நிமிர்ந்தவள், மண்டபமே அதிரும்படி மறுபடியும் கத்தினாள். "ஒன்னுமே இல்லங்க!"

பிச்சைமுத்து கையிலிருந்த நாற்காலியை வைத்துவிட்டுத் தானும் குனிந்து பார்த்தார்.