அட்டையில்லாத ராஜா கதை

கடலில் மீன்பிடிக்கத் தடை போடுகிற நாட்கள் எங்கள் குப்பத்துக்குக் கஷ்ட காலம் என்று பேப்பரில் எழுதுவார்கள். எனக்கு அது திருவிழா. அப்போதெல்லாம் நாற்பத்தைந்து நாள்தான் தடை. சரியாக அதே சமயத்தில் பள்ளிக்கூடத்துக்கும் லீவு விட்டுவிடுவார்கள். என் நைனா விசைப்படகில் டிரைவர். மற்ற மாதங்களில் பத்து நாள், பன்னிரண்டு நாள் என்று கடலில் கிடப்பார்; கரைக்கு வந்தால் இரண்டு நாள் தூங்கிவிட்டு மறுபடி போய்விடுவார். தூங்குகிற அப்பாவை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை என்னதான் செய்யும்? பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எனக்கு ஒன்பது வயதான வருடம், தடை தொடங்கிய வாரத்தில், ராயபுரத்தில் ஒரு பழைய பேப்பர் கடையிலிருந்து நைனா ஒரு தடிப் புத்தகம் வாங்கி வந்தார். நல்ல செங்கல் கனம். அட்டை இல்லை, முதல் சில பக்கங்களும் இல்லை. கதைக்குப் பெயர் என்ன, எழுதிய புண்ணியவான் யார், ஒன்றும் தெரியாது. நைனா எட்டாவது வரை படித்தவர். காலையில் காசிமேட்டுக்குப் போய்ப் படகுக்குப் பெயின்ட் அடிப்பார், கிழிந்த வலையைப் பின்னுவார். மதியம் சாப்பிட்டதும் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து பத்துப் பக்கம் மனசுக்குள் படித்துவிட்டு எனக்குச் சொல்வார்.

ஏழு மதில் சூழ்ந்த ஒரு கோட்டை. அதன் ராஜா, உள்பக்கம் தாழிட்ட குளியல் மண்டபத்தில் செத்துக் கிடக்கிறார். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. தம்பிக்குச் சிம்மாசனத்தின் மேல் கண். தளபதி பக்கத்து நாட்டுக்கு ரகசிய ஓலை அனுப்புகிறான். ராஜமாதா வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். கோயிலில் ஒரு கல் இருக்கிறது. வருடத்துக்கு ஒரே ஒரு கேள்விக்கு உண்மையைச் சொல்லும். அந்த வருடத்துக் கேள்வியை யாரோ முன்பே திருட்டுத்தனமாகக் கேட்டுத் தீர்த்துவிட்டார்கள். கொலைகாரனைக் கண்டுபிடிக்க வருகிறவள் வெண்ணி, ஒற்றைக்கண் பெண்.

புத்தகத்தில் எல்லோரும் செந்தமிழில்தான் பேசியிருப்பார்கள். நைனா வாய்க்கு வந்ததும் அத்தனை பேரும் காசிமேட்டுக்காரர்களாகிவிட்டார்கள். “இன்னா மந்திரி, ராஜா பூட்டாரு, நீ இன்னாமோ குந்திகினு வெத்தல போட்டுகினு கீற?” என்று வெண்ணி அதட்டுவாள். ராஜமாதாவோ, “எம்புள்ள போன பேஜார்ல கீறேன், அப்பால வா” என்று துரத்திவிடுவாள். ராஜ பரம்பரை வேறு மாதிரி பேசினால் எனக்கு இன்றைக்கும் நம்பிக்கை வருவதில்லை.

முதல் நாளே நான் உஷாராகக் கேட்டுவிட்டேன், கதை முடிவதற்குள் தடை முடிந்துவிட்டால் என்ன செய்வது என்று. நைனா என் தலையில் கை வைத்து, “கத முடியாம போட்ல கால வெக்க மாட்டேன், போதுமா?” என்றார். பதிலுக்கு நான் கடைசிப் பக்கத்தை எட்டிப் பார்க்க மாட்டேன் என்று ஒப்புக்கொண்டேன்.

அவர் சொன்னதை நான் சட்டமாகவே எடுத்துக்கொண்டேன். மே மாதம் பாதியில் பார்க்கிறேன், படிக்காத பக்கம் ஒரு விரல் தடிமன்தான் பாக்கி. இப்படியே போனால் கதை முடிந்துவிடும், நைனாவும் கிளம்பிவிடுவார். கதை முடியாவிட்டால்? என் மண்டை அப்போதே அப்படி வேலை செய்யும். அம்மா மீன் விற்க எடுத்துப்போகும் அலுமினிய அன்னக்கூடை மாடிப்படிக்கு அடியில் கவிழ்ந்து கிடந்தது. தடை நாளில் அதை யாரும் தொடமாட்டார்கள். புத்தகத்தைக் கொண்டுபோய் அதற்குக் கீழே வைத்துவிட்டேன்.

நைனா வீட்டையே புரட்டிப்போட்டார். பிறகு வெண்ணி மாதிரி ஒரு கண்ணை மூடிக்கொண்டு விசாரணை நடத்தினார். அம்மா, “எனுக்கு வேற வேல இல்ல பாரு” என்று கரண்டியோடு திரும்பிக்கொண்டாள். பூனையைக்கூட விடவில்லை, அதையும் விசாரித்தார். கடைசியில் என் முன்னால் வந்து குந்தினார். அம்மா மேல் சத்தியமாக நான் எடுக்கவில்லை என்றேன். மூடியிருந்த கண்ணைத் திறந்தார். “சரி, வுடு. படிச்ச வரைக்கும் ஞாபகம் கீது, அத்த வெச்சி ஓட்டுவோம்” என்றார்.

அதற்குப் பிறகுதான் கதை பிய்த்துக்கொண்டு ஓடியது. இரண்டாவது கொலை விழுந்தது. அரண்மனையை விட்டு ஓடிப்போன வைத்தியர் ஒருவருக்கு இரட்டைப் பிறவி ஒருவன் முளைத்தான். சிறகு வைத்த பாம்பு கஜானாவில் குட்டி போட்டது. எனக்கா, சந்தோஷம் தாங்கவில்லை. இந்தக் கதை என் கல்யாணம் வரை முடியாது என்று கணக்குப் போட்டேன்.

ஆனால் தடை முடிந்த அன்று நைனா லுங்கியையும் துண்டையும் பையில் திணித்தார். நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். கதை இன்னும் முடியவில்லை, என் தலையில் கை வைத்துச் சொன்னீர்களே என்று கத்தினேன். “போட்டு போவுதுல்லடா கண்ணு, வந்து சொல்றேன்” என்று என்னைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுப் போனார். படகுக்குக் கற்பூரம் காட்டிப் பூசணிக்காய் உடைப்பதைப் பார்க்கக் குப்பமே போனது. நான் போகவில்லை.

மாடிப்படிக்கு அடியில் போய்ப் புத்தகத்தை எடுத்தேன். மீன் கவிச்சி அடித்தது. அவர் வாக்கு தவறினால் நானும் தவறுவேன் என்று கடைசிப் பக்கத்துக்குப் போனேன். வெண்ணி ராஜசபையில் எழுந்து நின்று, கொன்றவர் இங்கேதான் இருக்கிறார் என்கிறாள். அவ்வளவுதான். அதற்கு மேல் பக்கமே இல்லை. கிழிந்த ஓரம் பழுப்பேறிப் போயிருந்தது, வாங்கும்போதே அப்படித்தான் இருந்திருக்கிறது. முடிவில்லாத புத்தகத்தை வைத்துக்கொண்டு என்னை ஏமாற்றியிருக்கிறார்! பொய்ச் சத்தியம் செய்த நான்தான் அழுது அழுது மூக்கு வீங்கினேன்.

பன்னிரண்டு நாள் கழித்து வந்தார். கால்கூடக் கழுவவில்லை, “கண்ணு, எங்க வுட்டோம்?” என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். பள்ளிக்கூடம் திறந்திருந்தது, நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். புத்தகத்தை அவர் முன்னால் எறிந்தேன். “நீ சீட்டிங் நைனா. இதுல கடைசியே இல்ல. இனிமே எனுக்குக் கதயே வாணாம்” என்றேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். “சரிடா” என்று எழுந்து குளிக்கப் போய்விட்டார். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மறு வருடத் தடையில் எனக்குத் தோழிகள் வந்துவிட்டார்கள், டிவி வந்துவிட்டது. நைனா மதியத்தில் தூங்கினார்.

நைனா போய் இரண்டு வருடமாகிறது. சர்க்கரைதான் கொண்டுபோனது. புத்தகம் எந்த வீடு மாறும்போது தொலைந்ததோ, தெரியவில்லை. எங்கே பழைய புத்தகக் கடையைப் பார்த்தாலும் என் கால் நின்றுவிடுகிறது. பெயர் தெரியாத புத்தகத்தை என்னவென்று கேட்பது? ஒற்றைக்கண் பெண், தாழிட்ட மண்டபம் என்று சொன்னால் கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார். கதை கூட வேண்டாம். அவர் வாயால் அந்த ராஜமாதா இன்னொரு தடவை என்னைத் துரத்தினால் போதும் என்று ஏங்குகிறேன்.

போன மாதம் மாமா எர்ணாவூருக்கு என்னைப் பார்க்க வந்தார். அம்மாவின் தம்பி, நைனாவோடு அதே படகில் போனவர். பேச்சுவாக்கில் இந்தக் கதையைச் சொன்னேன். மாமா தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

“அதுவா! தட முடிஞ்சி போன அந்தத் தபா கடல்ல எங்க உசுர வாங்கிட்டாருமா உங்க நைனா. புக்குல கடைசி இல்ல, பொண்ணு கேக்கும், இன்னா சொல்றதுன்னு ஒரே பொலம்பல். வல இழுக்கற நேரம் போவ ஏழு பேருக்கும் அதான் பேச்சு. நானு தளபதின்னேன். சமையல்காரன் ராஜமாதான்னான். எதுவும் அவருக்குத் தோதுப்படல. கரைக்கு வர்ற அன்னிக்கி ஸ்டீரிங்கப் புடிச்சிகினே, மாட்டிகினான்டான்னு கத்துறாரு. யாருய்யான்னு கேட்டா சொல்லணுமே! மொதல்ல எம்பொண்ணுக்குத்தான்னுட்டாரு.”

“அப்புறமாவது உங்ககிட்ட சொன்னாரா மாமா?”

“எங்க சொன்னாரு? அடுத்த தபா போவசொல்லோ கேட்டேன், பொண்ணுகிட்ட சொல்லிட்டியான்னு. அதுக்கு ஸ்கூல் தொறந்துட்டாங்கோ, அப்பால அதுவா கேக்கும்னாரு.”

நான் கேட்கவே இல்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு முறை கரைக்கு வந்தபோதும் அந்தப் பதிலை வைத்துக்கொண்டுதான் அவர் என் முன்னால் உட்கார்ந்திருந்தார் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது.