ஐந்து நாளும் போட்டாச்சு என்று சொன்னேன்

என் கணவரின் காலையே எடுக்க வேண்டி வரலாம் என்று டாக்டர் சொன்ன அன்று, அதற்குக் காரணம் நான் சொன்ன ஒரு பொய் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். சகோதரிகளே, வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

அவர் தாராவியில் தோல் பை தைப்பவர். முட்டி தேய்ந்துபோய், பல மாதம் காத்திருந்து, சயான் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் மூட்டு மாற்றத் தேதி கிடைத்தது. முன்னதாக மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டுச் சோதித்தார்கள். ஒரு கிருமி இருந்தது. "இது உடம்புல சும்மாதான் இருக்கும். வெட்டுன இடத்துல போனா சீழ் வச்சிரும்" என்று நர்ஸ் சொன்னார். மூக்கில் தடவக் களிம்பு, குளிக்க ஒரு மருந்து. ஐந்து நாள்.

இரண்டு நாள் ஒழுங்காகச் செய்தோம். பிறகு அம்பர்நாத்தில் தங்கை மகள் நிக்காஹ். மருந்தை வீட்டிலேயே விட்டுவிட்டேன். "மூணு நாள்ல என்ன ஆயிரப்போவுது, விடு புள்ள" என்றார் அவர். விட்டேன்.

அட்மிஷன் அன்று நர்ஸ் கேட்டார்: "அஞ்சு நாளும் போட்டீங்களா?"

உண்மையைச் சொன்னால் தேதி தள்ளிப்போகும். "போட்டாச்சு சிஸ்டர்."

ஆபரேஷன் முடிந்து பத்தாம் நாள் தையல் சிவந்து சீழ் கசிந்தது. ஊசி மேல் ஊசி போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. அப்போதுதான் டாக்டர் காலைப் பற்றி அப்படிச் சொன்னார்.

அன்று மாலை அஸர் தொழுகையில், நெற்றி தரையில் பட சஜ்தாவில் விழுந்து அழுதேன். "யா அல்லாஹ், அவர் காலைக் காப்பாத்து." அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. நர்ஸிடம் சொன்ன பொய்தான் குறுக்கே நின்றது. கடைசியில், "சொல்ல எனக்குத் தைரியம் கொடு" என்று கேட்டேன். எழுந்து நேராக டாக்டரின் அறைக்குப் போனேன்.

டாக்டர் மாட்டுங்காவில் வளர்ந்த தமிழ்ப் பெண்மணி. மூன்று நாள் மருந்து போடாததைச் சொன்னதும் கேஸ் பேப்பரைக் கையில் எடுத்தார். "இப்பவாவது சொன்னேளே. அப்போ அதே கிருமியாத்தான் இருக்கும். சீழ் டெஸ்ட் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம், மருந்தை இப்பவே மாத்தறேன்."

மறுநாள் புண்ணைத் திறந்து கழுவினார்கள். நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. கால் தப்பியது. அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் முட்டி முழுதாக மடங்கவில்லை. இன்று அவர் நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுகிறார். நர்ஸிடம் பொய் சொன்னதை அவரிடமும் சொல்லிவிட்டேன். "விடுன்னது நாந்தானே புள்ள" என்றார். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

தெருவில் யாருக்கு ஆபரேஷன் என்றாலும் இப்போது நானே போய், மருந்து போட்டார்களா என்று தினமும் கேட்கிறேன். சிலர் சலித்துக்கொள்கிறார்கள். பரவாயில்லை.

நான் கேட்டது கால். அல்லாஹ் முதலில் என் நாவைத் திறந்தான். பொய்யை வைத்துக்கொண்டு கேட்டவளையே அவன் விரட்டவில்லை. நீங்கள் உண்மையோடு கேளுங்கள்.