கல்லறை இல்லாத கவிஞர்

எங்கள் ஊர்க் கவிதை மன்றத்தார் மறைந்த கவிஞர்களின் கல்லறை கல்லறையாக நடந்துபோய்க் கவிதை வாசிக்கப் போகிறார்களாம். மன்றத் தலைவர் இன்று வீட்டுக்கு வந்து, மறைந்த என் கணவரின் கல்லறை எங்கே என்று கேட்டார்.

"எரிச்சு, ஜேடர்பாளையத்துல காவிரியில கரைச்சுட்டோம்."

"அடடா! அப்ப அவரைச் சேர்க்க முடியாதுங்களே அம்மா. ஊட்டு முன்னால ஒரு கல்லு நட்டுருங்க. மாலை நாங்க கொண்டாரோம்."

மன்றக் கூட்டத்தில் என் கணவர் இரண்டாவது கவிதையைத் தொடங்கியதுமே மைக்கைப் பிடுங்கியவர் இவர்.

"கல்லெல்லாம் வேண்டாம். ஜேடர்பாளையத்துக்கே வாங்க. நான் கரையில உக்காந்து அவர் கவிதை அத்தனையும் வாசிக்கிறேன். நீங்க எல்லாரும் முழங்கால் தண்ணியில நின்னு கேளுங்க."

"சளி புடிச்சுக்குமுங்க அம்மா" என்று எழுந்தார்.

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சளிக்கு அஞ்சாத ரசிகர்கள் யாராவது இருக்கிறீர்களா?